நிழல் எந்தப் பக்கம் விழும்? அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் பேராசிரியர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்கள், பள்ளி, கல்லூரி எதற்கும் பெயர் தரவில்லை. சம்பவம் நடந்தபோது நான் அவரிடம் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பயிற்சி ஆசிரியர் நிழல் பற்றிப் பாடம் நடத்திய, சர்ச்சைக்குரிய அந்த வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து, சக பயிற்சி ஆசிரியருக்கு மதிப்பீட்டுப் படிவத்தில் டிக் போட்டவர்களில் நானும் ஒருவன். அதனால் இதை வெளியாள் எழுதிய அறிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பின்னணி

பேராசிரியர் விளவங்கோடு வட்டத்தில் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவர். இயற்பியலில் முதுகலை, பி.எட்., கடலோரப் பள்ளி ஒன்றில் ஆறு வருடம் அறிவியல் ஆசிரியை வேலை, எம்.எட்., அப்புறம் கல்வியியல் கல்லூரி. பணியின் பின்பாதியில் பல்கலைக்கழகக் கல்வியியல் துறைக்குப் போனார். நாங்கள் ‘மேடம்’ என்போம். ஊர்க்காரர்களுக்கு அவர் கடைசிவரை ‘டீச்சர்’தான். பேராசிரியர் ஆன பிறகும் பஸ்ஸில் ‘டீச்சர், இங்க இருங்க’ என்று இடம் விடுவார்கள்.

குமரி மாவட்டத்தில் வாத்தியார் வேலைக்கு உள்ள மதிப்பு தனி. படித்த பிள்ளை இருக்கும் வீட்டில் ‘ஒரு பி.எட். போட்டு வைக்கட்டும்’ என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். அதனால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஆசிரியராக விரும்பி வந்தவர்கள், மீதிப் பாதி வீட்டார் விரும்பி வந்தவர்கள்.

அப்போது பி.எட். ஒரு வருடப் படிப்பு. அதில் நாற்பது நாள் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. அதற்கு முன் கல்லூரியிலேயே நுண்ணிலைக் கற்பித்தல் நடக்கும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை அது. பாடம் நடத்துவதைச் சின்னச் சின்னத் திறன்களாகப் பிரித்து, ஐந்து நிமிடம் நடத்திக் காட்டி, குறை கேட்டு, திரும்ப நடத்த வேண்டும். தொடங்கும் திறன், விளக்கும் திறன், வலுவூட்டும் திறன் (பிள்ளையைப் பாராட்டி ஊக்குவது), பல்வகைத் தூண்டல் திறன், கரும்பலகைப் பயன்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் படிவம் உண்டு. மேடை பயம் உள்ளவர்களுக்கு அது நல்ல மருந்து. எனக்குக் கை நடுக்கம் நின்றதே அதனால்தான்.

பள்ளிக்குப் போன பிறகும் எங்களை அதே பட்டியலை வைத்துத்தான் மதிப்பிட்டார்கள். ஆசிரியர் என்ன செய்தார் என்பதற்கு அதில் இருபது வரி இருந்தது. பிள்ளை என்ன சொன்னது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. இது எங்கள் யார் கண்ணிலும் உறுத்தவில்லை.

அந்த வகுப்பு

கல்குளம் வட்டத்தில் கடலோரமாக உள்ள அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி. ஆகஸ்ட் முதல் வாரம், எட்டாம் வகுப்பு, மூன்றாம் பீரியட். பாடம் நடத்தியவர் எங்கள் வகுப்பிலேயே நன்றாகப் பேசுபவர். தெர்மோகோல் உருண்டையில் பூமி, அதில் குத்திய தீக்குச்சி, ஒரு டார்ச் லைட். ஜன்னல்களை அடைத்து வகுப்பை இருட்டாக்கி டார்ச் அடித்தபோது பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். உண்மையிலேயே அழகான வகுப்புதான்.

பாதியில் அவர் சொன்னார்: “நாம் வட அரைக்கோளத்தில் இருக்கிறோம். அதனால் பகல் பன்னிரண்டு மணிக்கு நம்முடைய நிழல் எப்போதும் வடக்கு நோக்கித்தான் விழும்.” பாடநூலில் இப்படி ஒரு வரி இல்லை. ஏதோ ஒரு கையேட்டிலிருந்து பாடக்குறிப்புக்குள் வந்திருந்தது. அந்தப் பாடக்குறிப்பு முந்தின நாளே பேராசிரியரின் கையெழுத்து வாங்கியது.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். கைகூடத் தூக்கவில்லை.

“சார், கொடிமரத்துக்க நெழலு கடலு பக்கமாட்டுல்லா விழும்.”

வகுப்பு சிரித்தது. பேச்சுக்காகச் சிரித்தார்களா, சாரை மறித்ததற்காகவா என்று தெரியவில்லை. பயிற்சி ஆசிரியர் தடுமாறவில்லை. “நல்ல கேள்வி, உட்காரு. வட அரைக்கோளம் என்றால் நிழலும் வடக்கே” என்று சொல்லி, அதைக் கரும்பலகையில் எழுதிக் கட்டம் கட்டினார். பிள்ளைகள் ஒன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். அந்தப் பையனும் சொன்னான்.

‘நல்ல கேள்வி’ என்றதற்காக நான் வலுவூட்டலில் டிக் போட்டேன். பக்கத்தில் பேராசிரியரும் போட்டார். மொத்தம் ஐம்பதுக்கு நாற்பத்தாறு. எங்கள் குழுவில் அதுவரை யாரும் அவ்வளவு வாங்கியதில்லை.

கொடிக்கம்பத்தடியில்

மதிய மணி அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது, ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போட வராந்தாவுக்கு வந்த பேராசிரியர் அப்படியே நின்றுவிட்டார். கொடிக்கம்பத்தின் நிழல் மேடையின் கடல் பக்கத்துப் படியில் கிடந்தது. என்னைக் கூப்பிட்டு, “மக்களே, இங்க வடக்கு எது?” என்று கேட்டார். நான் கடலுக்கு எதிரே இருந்த ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். அப்புறம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

பையன் சொன்னது சரி. கணக்கும் கடினமில்லை. அந்தப் பகுதி ஏறத்தாழ 8.2 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் தலைக்கு மேல் வரும் இடம் கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் வருடம் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அது நம்மைக் கடந்து வடக்கே போகிறது; ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் பிறக்கும்போது திரும்ப நம்மைக் கடந்து தெற்கே போகிறது. இடைப்பட்ட நாலரை மாதமும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கேதான் விழுந்தாக வேண்டும். ‘எப்போதும் வடக்கே’ என்பது டெல்லிக்குப் பொருந்தும், ஏனென்றால் டெல்லி கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறது. கன்னியாகுமரிக்குப் பொருந்தாது.

‘பன்னிரண்டு மணிக்கு’ என்றதும் தவறுதான். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தில் ஓடுகிறது. குமரியின் மேற்குக் கரை 77.25 டிகிரி பக்கம். ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் என்று பார்த்தால் இருபத்தோரு நிமிடம் பிந்தும். ஆகஸ்ட் தொடக்கத்தில் சூரியனே கடிகாரத்துக்கு ஐந்தாறு நிமிடம் பின்தங்கி வரும். ஆக, உச்சிப்பொழுது சுமார் 12.27-க்கு. பேராசிரியர் வராந்தாவுக்கு வந்த நேரம் கிட்டத்தட்ட அதுதான்.

பல வருடம் கழித்து அவர் என்னிடம் சொன்னது இது: “பாடம் எடுத்தவன் தப்பாச் சொன்னது எனக்குப் பெரிசில்லை. எனக்கும் வடக்குன்னுதான் இருந்துது. எம்.எஸ்சி. படிச்சு, ஆறு வருஷம் அதே கடற்கரையில பாடம் எடுத்திருக்கேன். ஒருநாளாவது குனிஞ்சு பாக்கல.”

முதல் முடிவும் அதன் விளைவும்

மறுநாள் அதே வகுப்புக்குப் பேராசிரியரே போனார். பிள்ளைகளைக் கொடிக்கம்பத்தடிக்கு அழைத்துப் போய், பையனை முன்னால் நிறுத்தி, “இவன் சொன்னதுதான் சரி” என்றார். காரணமும் விளக்கினார். அன்றைக்கு எங்களுக்கெல்லாம் அது நேர்மையான செயலாகத்தான் பட்டது. தவறைத் தவறென்று பிள்ளைகள் முன்னால் ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்?

விளைவு வேறு மாதிரி இருந்தது. அடுத்த வகுப்பில் பயிற்சி ஆசிரியர் எதைச் சொன்னாலும் ஒரு மூலையிலிருந்து ‘டீச்சர்ட்ட கேப்போமா சார்?’ என்று குரல் வந்தது. இரண்டு நாள் அவர் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று கடிதம் வந்தது. மூன்றாம் நாள் வந்தவர் டார்ச்சும் தெர்மோகோலும் இல்லாமல், புத்தகத்தை வாசித்து வாசித்துப் பாடம் நடத்தினார். அந்தப் பையனிருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

இதைத்தான் பேராசிரியர் தன் பெரிய தவறு என்று கடைசிவரை சொல்லிவந்தார். தவறாக டிக் போட்டது கவனக்குறைவு. ஆனால் திருத்தும் வாய்ப்பு யாருக்குச் சேர வேண்டியதோ அவரிடமிருந்து அதைத் தானே பிடுங்கிக்கொண்டது அப்படியல்ல. கற்பிக்கக் கற்றுக்கொள்ள வந்தவர் தன் தவறைத் தானே வகுப்பில் சரிசெய்யும் அனுபவத்தைப் போல அந்த நாற்பது நாளில் வேறு பாடம் கிடையாது. அது அவருக்குக் கிடைக்காமல் போனது.

இரண்டாம் முடிவு: கம்பு

அந்த வார இறுதியில் பேராசிரியர் பயிற்சி ஆசிரியரைக் கூப்பிட்டு, மதிப்பெண் நாற்பத்தாறு அப்படியே இருக்கும் என்று முதலில் சொன்னார். அப்புறம் ஒரு வேலை கொடுத்தார். பயிற்சி முடியும்வரை, வெயில் அடிக்கிற நாளெல்லாம், உச்சிப்பொழுது நிழலை அளக்க வேண்டும். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம், அளந்தால் போதும். யாரோடு சேர்ந்து அளப்பது என்பது அவர் விருப்பம்.

அவர் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு மீட்டர் நீளத்தில் சவுக்குக் கம்பு வெட்டி, நூலில் கல் கட்டித் தூக்குப் பார்த்து, மைதானத்து மண்ணில் நட்டார். நாலாம் நாளே ஏழெட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அந்தப் பையன் வந்தது அதற்கு அடுத்த வாரம். நிழல் நுனி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மங்கலாகவே இருக்கும். சூரியன் புள்ளி இல்லை, அகலமுள்ள வட்டு என்பதால் அப்படித்தான் இருக்கும். ‘நுனி இங்க’, ‘இல்ல அங்க’ என்று பெரிய வழக்கு நடந்தது. கடைசியில் கருமை முடிகிற இடத்துக்கும் மங்கல் முடிகிற இடத்துக்கும் நடுவில் வைப்பது என்று அவர்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். அறிவியலில் அளவீடு என்றால் என்ன என்று நான் உண்மையில் பார்த்தது அந்தச் சண்டையில்தான். புத்தகத்தில் அந்தப் பாடத்தை நான் பலமுறை படித்திருந்தேன்.

முதல் அளவு தெற்கே பதினைந்து சென்டிமீட்டர் போல வந்தது. பதின்மூன்றாம் தேதி வாக்கில் பதினொன்று. இருபதாம் தேதி ஏழு சில்லறை. பிறகு மேகம் மூடியது. தென்மேற்குப் பருவம் முழுதாக விடாத மாதம் அது, மலைப் பக்கம் இருட்டினால் கடலோரமும் மங்கிவிடும். தமிழாசிரியர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்து, சங்கப் பாட்டிலேயே இரண்டு கோல் நட்டு உச்சிப்பொழுது பார்த்து அரண்மனைக்குக் கயிறு பிடித்த செய்தி இருக்கிறது என்று சொல்லிப் போனார்.

செப்டம்பர் முதல் தேதி வெயில் இருந்தது. 12.21-க்குக் கம்பின் அடியில் நிழல் இல்லை. அதாவது, கம்பு தன் காலடியிலேயே நிழலை மிதித்துக்கொண்டு நின்றது. ஒரு வாரம் கழித்து நாலு சென்டிமீட்டர் நிழல் ரோட்டுப் பக்கம், வடக்கே விழுந்தது. பயிற்சி ஆசிரியர் அன்று வகுப்பில் கரும்பலகையின் மேல் பழைய வரியைத் திரும்ப எழுதி, ‘எப்போதும்’ என்ற சொல்லை மட்டும் அடித்தார். அங்கே என்ன எழுதலாம் என்று பிள்ளைகளிடமே கேட்டார். நான் பார்த்த அவருடைய வகுப்புகளில் சிறந்தது அதுதான். படிவப்படி அதற்கு என்ன மதிப்பெண் வந்திருக்கும் என்று தெரியாது, அன்று படிவத்தோடு யாரும் உட்காரவில்லை.

மூன்றாம் முடிவு: கூடுதலாக ஒரு தாள்

அடுத்த வருடம் படிவத்தோடு ஒரு வெள்ளைத் தாளைச் சேர்த்தார் பேராசிரியர். தலைப்பு: ‘பிள்ளைகள் சொன்னது’. ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகள் பாடம் பற்றிச் சொன்ன வாக்கியங்களை அப்படியே எழுத வேண்டும்.

அந்தச் சமயத்தில் அவர் இரண்டு விஷயங்களைப் படித்துக்கொண்டிருந்தார். ஒன்று, 1986-இல் அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் முன்வைத்த கருத்து: பாட அறிவும் கற்பிக்கும் முறையும் தனித்தனியாக இருந்தால் போதாது, ஒரு கருத்தில் பிள்ளைகள் எங்கே எப்படி இடறுவார்கள் என்று அறிவதே ஆசிரியருக்கான தனி அறிவு. மற்றது, மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் பதினாறு பள்ளிகளில் தொடங்கிய, பிள்ளைகள் செய்து பார்த்துக் கற்கும் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம். அங்கே ஆசிரியர்கள் மாதாமாதம் கூடி வகுப்பில் நடந்ததைப் பேசிக்கொண்டது அவருக்குப் பிடித்திருந்தது.

தாள் முதல் வருடம் தோற்றது. காரணம் சிரிப்பாக இருக்கும். நோட்டுகளில் பிள்ளைகளின் பேச்சு இப்படி வந்தது: ‘ஐயா, அமிலங்கள் ஏன் புளிப்புச் சுவை உடையனவாக இருக்கின்றன?’ குளச்சல் பக்கத்திலோ குலசேகரம் பக்கத்திலோ எந்தப் பிள்ளை இப்படிப் பேசும்? பயிற்சி ஆசிரியர்கள் விடுதியில் உட்கார்ந்து தாங்களே கேள்வி தயாரித்து எழுதியிருந்தார்கள். குமரிப் பேச்சில் வரும் ‘-க்க’வும் ‘-ஆட்டு’ம் இல்லாத தாளையெல்லாம் பேராசிரியர் திருப்பிக் கொடுத்தார். அதற்கு அடுத்த வாரம் எல்லாத் தாளிலும் ‘-ஆட்டு’ வந்தது!

பிறகு முறையை மாற்றினார். மூன்று வாக்கியம் மட்டும் போதும். வகுப்பில் உட்காரும் மேற்பார்வையாளரும் தனியாக மூன்று எழுதுவார். வகுப்பு முடிந்ததும் மரத்தடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டும். அந்தப் பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது. இதற்குப் பிறகு பொய் நின்றது, ஏனென்றால் பொய் சொல்ல அவசியம் இல்லாமல் போனது.

தொடர்ந்து நடந்தவை

வெளித்தேர்வாளர்கள் வந்த ஒரு வருடம் சிக்கல் ஆனது. சார்ட்டும் மாடலும் குறைவாக இருக்கின்றன என்று ஒரு குழுவுக்கு மதிப்பெண் குறைந்தது. அரசு வேலைக்குப் பதிவுமூப்பும் மதிப்பெண்ணும் பார்க்கிற காலம், பெற்றோர் வந்து கேட்டார்கள். பேராசிரியர் வாதாடவில்லை. பழைய ரெக்கார்டு முழுதாக இருக்கட்டும், புதுத் தாளும் இருக்கட்டும் என்று இறங்கி வந்தார். பயிற்சி ஆசிரியர்களுக்கு வேலை இரட்டிப்பானது. இதில் அவர் இன்னும் நின்று பேசியிருக்கலாம் என்பது என் கருத்து. ‘மாணவர் மதிப்பெண்ணை வைத்து நான் சூதாட முடியாது’ என்பது அவர் பதில்.

தாளால் கிடைத்த பலனில் ஒன்று மட்டும். மேற்கு மலையடிவாரப் பள்ளியில் ஒரு பெண் பயிற்சி ஆசிரியர் அமிலம் நடத்தியபோது, ஃபார்மிக் அமிலத்துக்கு எறும்புக் கடியை உதாரணம் சொன்னார். ஒரு சிறுமி சொன்னது தாளில் இருந்தது: ‘எங்க வீட்டுல பாலுல ஆசிட் ஊத்தித்தான் ஷீட் அடிப்பாவ.’ மேற்பார்வையாளருக்கு அது பசும்பாலாகக் கேட்டது. பயிற்சி ஆசிரியருக்கோ விஷயம் தெரியும், அவர் வீட்டிலும் ரப்பர் உண்டு. ரப்பர்ப் பாலைத் தட்டில் ஊற்றி உறைய வைக்க இங்கே பயன்படுத்துவது பெரும்பாலும் அதே ஃபார்மிக் அமிலம்தான். உறையாமல் வைத்திருக்க வேண்டுமென்றால் அம்மோனியா. அமிலம், காரம் இரண்டும் ஒரே கொட்டகையில், ஒரே பாலில். “அப்போ தெரிஞ்சும் ஏன் எறும்பைச் சொன்ன?” என்று மரத்தடியில் கேட்டபோது அவர் சொன்னார்: “வீட்டு வேலை மேடம் அது. பாடத்துல சொல்லலாம்னு தோணல.”

பேராசிரியர் பல்கலைக்கழகத் துறைக்குப் போன பிறகு இந்த வாக்கியத்தைத்தான் எம்.எட். வகுப்பில் முதல் நாள் பலகையில் எழுதுவாராம். தன் ஆய்வு மாணவர்களையும் மாவட்டப் பள்ளிகளிலிருந்து இந்தத் தாள்களைச் சேகரிக்க வைத்தார்.

2014-இல் வந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் நெறிமுறைகளால் பி.எட். இரண்டு வருடமானது. பள்ளியனுபவம் இருபது வாரம் ஆனது. நாற்பது நாளில் நெருக்கியடித்துச் செய்ததற்கு இப்போது இடம் தாராளம். ஆனால் காலியிடம் உள்ள பள்ளியில் பயிற்சி ஆசிரியரை முழுநேர வாத்தியாராகவே வைத்துக்கொள்ளும் பழக்கமும் சேர்ந்தே வந்தது. நாளுக்கு ஆறு பீரியட் எடுப்பவரிடம் மூன்று வாக்கியம் கேட்டால் அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

மறுபடி செய்தால்

ஓய்வுக்குப் பின் அவரிடம் இதைக் கேட்டேன். மூன்றைச் சொன்னார். மறுநாள் வகுப்புக்குத் தான் போயிருக்க மாட்டேன், கம்பை முதல் நாளே பயிற்சி ஆசிரியர் கையில் கொடுத்திருப்பேன் என்றார். பாடக்குறிப்பில் கையெழுத்துப் போடும் முன் ‘இது நம்ம ஊருக்குச் சரிதானா?’ என்று ஒரு கேள்வி கேட்டிருப்பேன் என்றார். மூன்றாவதைச் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்தார். அந்தப் பையனிடம் யாரும் திரும்பப் போய், எப்படிக் கவனித்தாய் என்று கேட்கவே இல்லை. சரி என்று சொன்னோம், முன்னால் நிறுத்தினோம், கைதட்டினோம். அவனுக்கு அது எப்படித் தெரியும் என்பதை மட்டும் கேட்காமல் விட்டோம்.

என் பங்குக்கு ஒன்று சேர்ப்பேன். மூன்று வாக்கியத் தாளை மேற்பார்வையாளருக்கும் கட்டாயமாக்கியது நல்ல முடிவு. அதைப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியருக்கும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். பயிற்சி ஆசிரியர் பயிற்சி முடிந்து போய்விடுவார், கல்லூரியும் அடுத்த வருடம் வேறு பள்ளிக்குப் போகும். அந்த வகுப்பில் தங்குபவர் வழிகாட்டி ஆசிரியர் ஒருவர்தான்.

இப்போது என் பயிற்சி மாணவர்களை அதே பள்ளிக்கு அனுப்புகிறேன். மைதானம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்துவிட்டார்கள், கம்பு நட மண் இல்லை. சென்ற ஆகஸ்டில் காலி பெயின்ட் வாளி ஒன்றில் கடல் மண் நிரப்பி, அதில் கம்பை நிறுத்தியிருந்தார்கள். வாளியின் விளிம்பு நிழலை மறைக்கிறது என்று பிள்ளைகள் தகராறு செய்துகொண்டிருந்தார்கள்.